வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் குறைந்த செலவில் பேச...

வெளிநாடு கிளம்புகிறவர்கள் பலர் இப்போது போன் செலவைப் பற்றி யோசிப்பதே இல்லை. "அதான் வாட்ஸ்அப் இருக்கே" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஊரில் அம்மா கையில் இருப்பது பட்டன் போன் என்றால் என்ன செய்வீர்கள்? பத்து நாள் சிங்கப்பூர் போவதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் உங்கள் இந்திய சிம். அதைக் கழற்றி பர்ஸில் போட்டுவிடாதீர்கள். பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். புறப்படும் முன் இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆக்டிவேட் செய்து, ரீசார்ஜ் வேலிடிட்டி திரும்பி வரும் நாள் வரை இருக்கிறதா என்று பாருங்கள். ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வரும் அழைப்பை எடுத்துப் பேசினால் உண்டு. பேக் போடாமல் எடுத்தால் கட்டணம் கடுமையாக இருக்கும்.

அடுத்து செட்டிங்ஸில் சிம் பகுதிக்குச் சென்று, இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்கள். மொபைல் டேட்டாவுக்கு அங்கே வாங்கப்போகும் சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'அலோ மொபைல் டேட்டா ஸ்விட்சிங்' என்பதையும் ஆஃப் செய்ய வேண்டும். புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் நம்பரை மாற்றவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிப் பழைய எண்ணிலேயே தொடருங்கள்.

இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கே போதும், அலைச்சல் இல்லை. அதற்கு மேல் என்றால் உள்ளூர் சிம் அல்லது இசிம். உங்கள் போனில் இசிம் வசதி உண்டா என்று அறிய *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று ஒரு நீண்ட எண் தெரிந்தால் உண்டு. இசிம்மை வீட்டு வைஃபையிலேயே இன்ஸ்டால் செய்துகொண்டு போவது நல்லது. க்யூஆர் கோடை பிரிண்ட் எடுத்தோ வேறு போனில் திறந்தோ வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் போன் திரையிலேயே இருந்தால் அதே போனின் கேமராவால் எப்படி ஸ்கேன் செய்வது?

பட்டன் போன் பிரச்சினை இங்கேதான் வருகிறது. பயணிகளுக்கென்று ஆன்லைனில் விற்கும் இசிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டுமே தருபவை. அவற்றில் போன் எண் கிடையாது, சாதாரண அழைப்பும் போகாது. முன்பு இதற்கு ஸ்கைப் கைகொடுத்தது. 2025 மே மாதம் அதை மூடிவிட்டார்கள். ஆகவே இத்தகைய வீட்டுக்காரர்கள் பேச்சு வசதியுள்ள உள்ளூர் ப்ரீபெய்ட் சிம் வாங்குவதே சரி. சிங்கப்பூரில் பாஸ்போர்ட் காட்டினால் சாங்கி விமான நிலையத்திலேயே கிடைக்கும். வாங்கும்போது எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்காமல், இந்தியாவுக்குப் பேச எத்தனை நிமிடம், எந்த எண்ணை முன்னால் போட வேண்டும் என்று கேளுங்கள். சிங்டெல்லில் 001, 019 என இரண்டு வழிகள் உண்டு, 019 மலிவு. போனில் +91 என்று சேமித்து வைத்திருப்பதை அப்படியே அழுத்தினால் மலிவு வழியில் போகாது. 019, பிறகு 91, பிறகு பத்து இலக்க எண் என்று அழுத்த வேண்டும்.

துபாய், அபுதாபி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும். வாய்ஸ் கால், வீடியோ கால் தடுக்கப்பட்டவை. போடிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்களை இங்கேயே வீட்டார் போனிலும் போட்டுச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கால் ஃபார்வர்டிங் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. என் முதல் பயணத்தில், எடுக்காத அழைப்புகள் வீட்டு எண்ணுக்குப் போகும்படி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். இந்தியாவில் ஒருவர் கூப்பிட்டால் அந்த அழைப்பு நான் இருக்கும் நாட்டுக்கு வந்து, நான் எடுக்காததால் மறுபடி இந்தியாவுக்கே திரும்பியது. வரும்போது ஒரு கட்டணம், திரும்பும்போது ஐஎஸ்டி கட்டணம். ஒரு வார்த்தைகூடப் பேசாத அழைப்புகளுக்கு நான் கட்டியது ஹோட்டல் அறை வாடகையைவிட அதிகம்! கிளம்புவதற்கு முன்பே ##002# டயல் செய்யுங்கள். எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகிவிடும். விமானத்திலும் கப்பலிலும் ஏர்பிளேன் மோடை எடுக்காதீர்கள். அங்கே கிடைக்கும் சாட்டிலைட் சிக்னலுக்கு உங்கள் சாதாரண பேக் செல்லாது.

வெளிநாட்டு எண்ணில் அழைப்பு வந்தால் எடுக்காதே என்று அம்மாவுக்கு நாம்தான் சொல்லி வைத்திருக்கிறோம். +65 என்று வந்தால் அவர் எடுக்க மாட்டார். சிம் வாங்கியதும் புது எண்ணைப் பக்கத்து வீட்டு ஸ்மார்ட்போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அம்மாவின் போனில் உங்கள் பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். மலிவு வழியில் வரும் அழைப்பில் சில சமயம் வேறு எண் தெரியும். எனவே இரவு எட்டு மணி என்று நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சிங்கப்பூரில் மணி பத்தரை.