நாளைக்கு யாருக்கு என்ன வேலை? வாக்காளர் பட்டியலில் லேபல் வைக்கும் முறை

ஆதரவாளர், வாக்காளர் விவரங்களைக் கணினியில் சேர்க்கும் தொண்டர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "எத்தனை லேபல் வைக்கலாம்?" என்பதுதான். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: இந்த லேபலைப் பார்த்து நாளைக்கு யார், என்ன செய்யப் போகிறார்? பதில் இருந்தால் லேபல் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் அது பட்டியலுக்குப் பாரம். ஜொகூரில் தேர்தல் காலத்து பிலிக் கெராக்கானில் (கட்சியின் தேர்தல் பணி அறையில்) பட்டியல் வேலை பார்த்துக் கற்றவற்றை, அந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

ஜொகூரில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 2022 மார்ச் 12-ஆம் தேதி நடந்த மாநிலத் தேர்தல் காட்டியது. 56 சட்டமன்றத் தொகுதிகள். 18 வயது நிரம்பியவர்கள் வாக்களித்த முதல் தேர்தல். 2021 டிசம்பர் 15 முதல் வாக்காளர் பதிவும் தானாகவே நடப்பதால் பட்டியல் திடீரென்று பெருத்திருந்தது. ஆனால் ஓட்டுப் போட வந்தவர்கள் ஏறக்குறைய 55 விழுக்காடுதான். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஜொகூர்க்காரர்களுக்கு அப்போது தபால் ஓட்டு கிடையாது. எல்லையும் முழுமையாகத் திறந்தது ஏப்ரல் 1-ஆம் தேதிதான். 'இவர் யாருக்குப் போடுவார்' என்று மட்டும் குறித்து வைத்த பட்டியலால் அன்று பெரிய பயன் இல்லை. 'இவரால் வர முடியுமா' என்று குறித்த பட்டியல்தான் கைகொடுத்தது.

குடியிருக்கும் இடம் வேறு, ஓட்டு இருக்கும் இடம் வேறு

தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்களில் இதுதான் முதல் சிக்கல். மாசாயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்த பேச்சு இது.

"அக்கா, உங்க ஓட்டு எந்தப் பள்ளிக்கூடத்துல?"

"இதோ பக்கத்துல இருக்கிற ஸ்கூல்தான் தம்பி. மகனுக்கு அங்கதான வந்திருக்கு."

அவரையே தம் கைப்பேசியில் எஸ்பிஆர் (தேர்தல் ஆணையம்) பக்கத்துக்குள் போய் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். அவர் ஓட்டு குளுவாங் பக்கம் பழைய தோட்டத்தை ஒட்டியே இருந்தது. மகனுக்கு ஐசியில் மாசாய் முகவரி, அதனால் தானியங்கிப் பதிவில் மாசாயிலேயே ஓட்டு வந்துவிட்டது. அம்மாவோ தோட்டத்தில் இருந்த காலத்தில் பதிந்தவர். ஒரே வீடு, இரண்டு தொகுதிகள். ஐசி முகவரியை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே பதிந்தவர்கள் ஓட்டை மாற்றித் தரும்படி எஸ்பிஆரிடமும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆகவே குடியிருக்கும் ஊர், ஓட்டுள்ள தொகுதி, வாக்களிப்பு மையம், சாலுரான் (மையத்துக்குள் வாக்களிக்கும் வரிசை), பிறந்த ஆண்டு ஆகியவற்றை லேபலாக வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் கொடுங்கள். வாக்காளர் பட்டியலில் தொலைபேசி எண் இருக்காது. அதுவும் தனிக் கட்டம்தான். ஆளைப் பற்றிய தகவல் கட்டத்துக்கு, செய்ய வேண்டிய வேலை லேபலுக்கு. அந்த அக்காவுக்கு நாங்கள் வைத்த லேபல் 'இடமாற்ற விண்ணப்பம்'. அதைப் பார்த்த தொண்டருக்கு அடுத்து என்ன செய்வதென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கும் இப்படித்தான். 'சிங்கப்பூர்' என்று மட்டும் எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். 'லீவு நினைவூட்டு' என்று எழுதினால், தேர்தல் தேதி வந்த அன்றே ஒருவர் போன் போடுவார். ஷிஃப்டு மாற்றவும் விடுப்புக் கேட்கவும் அவர்களுக்கு நாள் வேண்டும்.

'சரி தம்பி' என்பதை எப்படிக் குறிப்பது?

மலேசியக் கட்சிகளில் வாக்காளரை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரிக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. நேஷன்பில்டர் போன்ற மென்பொருள்களில் 1 முதல் 5 வரை அளவு இருக்கும். எங்கள் வட்டாரத்துக்கு மூன்றே போதும்: உறுதி, யோசிக்கிறார், இல்லை. ஐந்து படி கொடுத்தால் இரண்டு தொண்டர்கள் ஒரே ஆளுக்கு இரண்டு எண் போடுவார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் குறி எப்படி வந்தது என்பது. வீடு தேடி வந்தவரை மனம் நோக அனுப்பக் கூடாது என்று நினைப்பவர்கள் நம் மக்கள். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் தண்ணீர் கொடுத்து, "கண்டிப்பா போடுறோம் தம்பி" என்பார்கள். அது மரியாதை, வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. எனவே ஒவ்வோர் ஆதரவுக் குறியோடும் மூன்று தகவல் சேர்க்கச் சொல்வேன்: யார் கேட்டது, எந்தத் தேதியில், அவரே சொன்னாரா அல்லது பக்கத்து வீட்டார் சொன்னதா. பக்கத்து வீட்டார் சொன்னதை வைத்து யாருக்கும் 'உறுதி' போடக் கூடாது. தம் வீட்டு வாசலில் கொடி கட்டச் சம்மதித்தவரும், தம் நண்பர்களை அழைத்து வந்தவரும்தான் உறுதி. மற்ற எல்லோரும் 'யோசிக்கிறார்' என்றே இருக்கட்டும். இன்னொரு முறை போய்ப் பேச அது காரணமாகும்.

புது லேபல் போடும் உரிமை ஒருவருக்கு மட்டும்

தொண்டர்கள் கையில் விட்டால் ஒருவர் 'முதியவர்' என்று எழுதுவார், ஒருவர் 'வாரகா எமாஸ்' என்பார், இன்னொருவர் 'பாட்டி' என்பார். தேடும்போது மூன்றில் ஒரு பங்குதான் அகப்படும். கூகல் ஷீட்டாக இருந்தாலும் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தாலும், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டுமே வழி வையுங்கள். புதியது வேண்டுமென்றால் பொறுப்பாளரிடம் கேட்கட்டும். அவரும் அதே கேள்வியைக் கேட்கட்டும்: நாளைக்கு யாருக்கு என்ன வேலை?

லேபல் பெயரின் முன்னால் வகையைச் சேர்த்தால் ஒரே இனம் ஒன்றாக அடுக்கி நிற்கும்: 'ஆதரவு-உறுதி', 'வேலை-லீவு நினைவூட்டு', 'வேலை-இடமாற்ற விண்ணப்பம்', 'மொழி-தமிழ்', 'தொண்டு-வீடு வீடாக'. மொத்தம் இருபதைத் தாண்ட விடாதீர்கள். பெயரை மட்டும் வைத்து ஆளைத் தேடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சுப்பிரமணியமும் லெட்சுமியும் மலாய் எழுத்துக்கூட்டலில் ஐசிக்கு ஐசி மாறும். பிறந்த ஆண்டையும் சாலுரானையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒருவர் இரண்டு முறை பதிவாகாமல் இருப்பார்.

உதவியையும் ஓட்டையும் கலக்காதீர்கள்

2023 மார்ச் மாதம் செகாமாட், பத்து பகாட் பக்கம் பெருவெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் தொண்டர்கள் எடுக்கும் விவரம் ஏராளம்: யார் வீட்டில் தண்ணீர், யாருக்கு மருந்து, யாருக்குப் பால் மாவு. அந்த லேபல்கள் ஆதரவுக் குறியோடு ஒரே வரிசையில் நின்றால், யாராவது ஒருநாள் 'உதவி வாங்கினார், ஆதரவு இல்லை' என்று தேடிப் பார்ப்பார். அப்படித் தேட வழியே இருக்கக் கூடாது. வெள்ள விவரத்துக்குத் தனிக் கோப்பு வையுங்கள்; உதவி முடிந்ததும் மூடிவிடுங்கள்.

சாதி, நோய், குடும்பச் சண்டை, எந்தக் கோயில் நிர்வாகத்தில் யார் பக்கம் என்பவற்றை எழுதவே வேண்டாம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசியல் கருத்து, சமய நம்பிக்கை, உடல்நலம் ஆகியவற்றைத் தனிக் கவனத்துக்குரிய தகவல்களாகக் கருதுகிறது. அந்தச் சட்டம் வணிகத் தொடர்புகளைக் குறித்து எழுதப்பட்டது என்பதைக் காட்டி நாம் நழுவ வேண்டியதில்லை. சம்பந்தப்பட்டவரே நம் பக்கத்தில் உட்கார்ந்து தம் வரியைப் படித்தால் முகம் சுளிப்பாரா? சுளிப்பார் என்றால் அழித்துவிடுங்கள். 'அழைக்க வேண்டாம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த லேபல் மற்ற எல்லா லேபலுக்கும் மேல். வேட்பாளரே கேட்டாலும் அந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது.

போராங் 14 வந்த பிறகு

தேர்தல் முடிந்ததும் பெரும்பாலானோர் பட்டியலை மூடிவிடுகிறார்கள். உண்மையில் பாடம் படிக்கும் நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு சாலுரானின் முடிவும் வாக்கு எண்ணிக்கைப் படிவமான போராங் 14-இல் தனித்தனியாக வரும். வயது மூத்தவர்கள் முதல் சாலுரானிலும் இளையவர்கள் கடைசியிலும் இருப்பதால், அதில் தலைமுறை வாரியாகவே கணக்குத் தெரியும். ஒரு சாலுரானில் நாம் 120 பேருக்கு 'உறுதி' போட்டிருக்கிறோம், நம் வேட்பாளருக்குக் கிடைத்தது 80 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 40 பேர் வரவில்லை, அல்லது மாற்றிப் போட்டார்கள். அந்த 120 பேருக்கும் குறி போட்டவர் யார், எந்தத் தேதியில், எதை வைத்து என்று திரும்பிப் பாருங்கள். அவரவரே சொன்னதை வைத்துப் போட்ட குறி எவ்வளவு, தேர்தல் தேதி வருமுன்பே போட்டுப் பழசாகிப்போன குறி எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

அதன் பிறகு முடிந்துபோன வேலை லேபல்களை நீக்குங்கள். ஆதரவுக் குறிகளுக்குத் தேதி இருக்கிறது. ஓராண்டு தாண்டியவற்றை 'யோசிக்கிறார்' என்று மாற்றி, மறுபடி கதவைத் தட்டுங்கள். இடமாற்ற விண்ணப்பம் போன்றவற்றுக்குத் தேர்தல் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் தாமானில் பத்து வீடு போய், ஓட்டு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு வாருங்கள். அந்தப் பத்து வீட்டுக்கு எத்தனை லேபல் தேவைப்படுகிறதோ, அங்கிருந்தே உங்கள் பட்டியலைத் தொடங்கலாம்.