எறியும் முன் எடை பாருங்கள்

ரேடியோ கன்ட்ரோல் விமானம் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விமானம் விழுந்த பிறகு எழுதப்பட்டவை. இன்னும் விழாதவர்களுக்கும் சேர்த்தே இங்கே பதில்.

ஃபோம் போர்டில் ஒரு மீட்டர் இறக்கையுள்ள டிரெய்னர் விமானம் செய்தேன். 1000 கேவி மோட்டார், 30 ஆம்ப் இ.எஸ்.சி., 10×4.5 புரொப்பல்லர். கையால் எறிந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறது, பிறகு ஒரு பக்கம் சரிந்து தரையில் குத்துகிறது. மோட்டார் போதவில்லையா?
— பொறியியல் மாணவர், திருச்சி

மோட்டார் மேல் பழி போடாதீர்கள். மூன்று செல் பேட்டரியில் அந்த மோட்டாரும் புரொப்பல்லரும் முக்கால் கிலோ அளவுக்கு இழுத்துவிடும். உங்கள் விமானம் ஒரு கிலோவைத் தாண்டியிருக்காது. தன் எடையில் பாதி இழுவை கிடைத்தாலே டிரெய்னர் பறக்கும். நீங்கள் எழுதியிருப்பது அசல் வால் கனத்தின் அறிகுறி.

விமானத்தின் ஈர்ப்பு மையத்தை இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் சி.ஜி. என்பார்கள். உங்களுடையது போன்ற நேரான இறக்கைக்கு அது முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் விழ வேண்டும். இறக்கை 20 செ.மீ. அகலம் என்றால் 5 செ.மீ. முதல் 6.5 செ.மீ.க்குள். முதல் தடவைக்கு 5 செ.மீ. பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வெகுவாகப் பின்னால் போனால், தூக்கிய மூக்கு தானாகத் தாழாது, மேலும் தூக்கும். வேகம் செத்து, காற்று இறக்கையை விட்டுப் பிரிந்ததும் எந்தப் பக்க இறக்கை முதலில் தூக்கலை இழக்கிறதோ அந்தப் பக்கம் சரியும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

சோதிப்பது சுலபம். பேட்டரி, புரொப்பல்லர், பேட்டரி மூடி என்று பறக்கும்போது இருக்கும் எல்லாவற்றையும் மாட்டிவிடுங்கள். இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் 5 செ.மீ. தூரத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்துத் தூக்குங்கள். விமானம் மட்டமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு துளி தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் எறியக் கூடாது.

வால் ஏன் கனத்தது என்று வால் பக்கம் நன்றாகப் பாருங்கள். குளூ கன் பசை கட்டி கட்டியாக நிற்கும். மையத்திலிருந்து வால் 60 செ.மீ. தள்ளியும் மூக்கு 20 செ.மீ. தள்ளியும் இருக்கிறது என்று வையுங்கள். வாலில் வழிந்த 10 கிராம் பசையை ஈடுகட்ட மூக்கில் 30 கிராம் ஏற்ற வேண்டும். முதலில் பேட்டரியை முன்னால் தள்ளிப் பாருங்கள். போதாவிட்டால் கூடுதல் பசையைச் சுரண்டுங்கள். வால் சர்வோக்களை உடம்புக்குள் கொண்டுவந்து கம்பியால் இணையுங்கள். அதன் பிறகும் குறைந்தால் மட்டும் மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் ஈயக் குண்டு. எடுத்ததுமே ஈயத்தைத் தேடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இடம் வலம் எடையையும் பாருங்கள். மூக்கையும் வால் நுனியையும் ஆளுக்கொரு விரலில் தாங்கினால் எந்த இறக்கை கனம் என்று தெரியும். இன்னொரு இறக்கையின் நுனியில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிறகு, எறியும் விதம். மேல்நோக்கி எறியாதீர்கள். காற்றுக்கு எதிராக, மட்டமாக, அழுத்தமாக. நண்பர் எறியட்டும், உங்கள் இரண்டு கட்டை விரலும் ஸ்டிக்கில் இருக்கட்டும்.

தெர்மோகோல் இறக்கை உடைந்தது. ஃபெவிக்விக் போட்டேன், உடைந்த இடம் பெரிதாகிவிட்டது!
— வாசகி, நாகர்கோவில்

அந்த வகைப் பசை தெர்மோகோலைத் தின்னும். ஃபோமுக்கென்றே தனி வகை விற்கிறார்கள், விலை கூடுதல். குளூ கன்னைச் சூடு குறைத்துப் பயன்படுத்துங்கள், அல்லது இரண்டு டியூப் எபாக்ஸி.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு ரெடிமேடு விமானம் வாங்கினேன். கடைக்காரர் "மாட்டினால் பறக்கும்" என்றார். மாட்டியாகிவிட்டது. பறக்கவிடுமுன் என்ன பார்க்க வேண்டும்?
— ஒரு தகப்பனார், சேலம்

கடைக்காரர் சொன்னதில் "மாட்டினால்" மட்டும் உண்மை. இத்தகைய விமானங்கள் முதல் நாளே நொறுங்குவதற்குப் பெரிய காரணம் எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பு மடல், தலைகீழாக அசைவது. வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் சாயும். இன்னும் அழுத்தினால் இன்னும் சாயும். இரண்டு நொடியில் கதை முடிந்துவிடும்.

மகனை விமானத்தின் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். மூக்கு அவனுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். நம் ஊரில் விற்கும் ரிமோட்டுகள் பெரும்பாலும் மோடு 2. இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் (மோட்டார் வேகம்) ரட்டரும் (நிமிர்ந்த வாலின் மடல்), வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் (படுத்த வாலின் மடல்) எய்லரானும் இருக்கும். வலது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் எய்லரான் மேலே எழ வேண்டும், இடது இறக்கையினுடையது கீழே இறங்க வேண்டும். அதே ஸ்டிக்கைத் தன்னை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ரட்டர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ரட்டரும் வலப்பக்கம். குழப்பம் வந்தால் ஒரு வழி: ஸ்டிக்கைத் தள்ளும் பக்கத்து இறக்கையில், எய்லரானுக்குப் பின்னால், கட்டை விரலை நிமிர்த்திக் கையை வையுங்கள். விரல் காட்டும் பக்கம்தான் எய்லரான் போக வேண்டும். தலைகீழாக இருந்தால் ரிமோட்டின் மெனுவில் 'ரிவர்ஸ்' என்று இருக்கும். அந்தச் சேனலை மாற்றினால் போதும், கம்பியைக் கழற்ற வேண்டாம்.

அடுத்து சர்வோ. ரிமோட்டையும் விமானத்தையும் ஆன் செய்து, டிரிம் எல்லாம் நடுவில் இருக்கும்போது சர்வோவின் கை கம்பிக்கு 90 டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருகைக் கழற்றி, கையை எடுத்து, ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். மீதமிருக்கும் கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தைக் கம்பி முனையில் இருக்கும் கிளெவிஸைத் திருகிச் சரிசெய்யலாம். டிரிம் பொத்தானை இதற்குச் செலவழிக்காதீர்கள். அது வானத்தில் தேவைப்படும்.

அசைவின் அளவு? ஒரு மீட்டர் இறக்கையுள்ள டிரெய்னருக்கு எய்லரானும் எலிவேட்டரும் நடுவிலிருந்து மேலும் கீழும் சுமார் 10 மி.மீ. போதும். ஸ்கேல் வைத்து அளக்கலாம். கூடுதலாக இருந்தால் கம்பியை சர்வோ கையின் உள் துளைக்கு மாற்றுங்கள். இறக்கைப் பக்கம் என்றால் வெளித் துளைக்கு.

இந்த அசைவுச் சோதனையை ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள். நேற்று சரியாக இருந்தது என்பது கணக்கில் வராது. ரிமோட்டில் வேறு மாடலின் செட்டிங் திறந்து கிடந்தால் நேற்றைய ரிவர்ஸ் இன்று இருக்காது.

எக்ஸ்போ 30 என்று வீடியோவில் சொன்னார்கள். வைத்த பிறகு விமானம் முன்பைவிடத் துள்ளுகிறது.
— வாசகர், வேலூர்

ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்குவதற்குத்தான் எக்ஸ்போ. முழுக்கத் தள்ளினால் முழு அசைவும் கிடைக்கும். 30 தவறில்லை. ஆனால் மென்மையாக்க ஃபுட்டாபா ரிமோட்டில் மைனஸ் போட வேண்டும், ஸ்பெக்ட்ரமில் பிளஸ். வீடியோவில் இருந்தது ஒரு கம்பெனி, உங்களுடையது வேறொன்று போலிருக்கிறது. திரையில் தெரியும் வளைகோடு நடுவில் படுத்திருந்தால் சரி. நடுவில் செங்குத்தாக நின்றால் குறியை மாற்றுங்கள்.

வாங்கிய விமானத்தில் மோட்டார் வலப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. வாஷர் வைத்து நேராக்கிவிட்டேன். சரிதானே?
— வாசகர், ஈரோடு

வாஷரை எடுத்துவிடுங்கள். அது வேண்டுமென்றே வைத்த கோணல். பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கும். சுழன்று வரும் காற்று நிமிர்ந்த வாலில் மோதி மூக்கையும் இடப்பக்கம் திருப்பும். இரண்டு மூன்று டிகிரி வலச்சாய்வு அதை ஈடுகட்டுகிறது. கீழ்ச்சாய்வு, த்ராட்டிலைக் கூட்டும்போது மூக்கு எகிறாமல் இருக்க. மேல் இறக்கை விமானங்களில் இது அவசியம்.

பள்ளியில் ஏரோ கிளப் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் கையை வெட்டிக்கொள்ளக் கூடாது என்பதே என் கவலை.
— இயற்பியல் ஆசிரியை, மதுரை

நியாயமான கவலை, அம்மா. நான் இந்த வரிசையில் சொல்வதற்குக் காரணம் அதுதான்: மேஜையில் வேலை நடக்கும் வரை புரொப்பல்லர் மாட்டவே கூடாது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யின் அளவுதிருத்தம், மோட்டார் சுற்றும் திசை, ரிமோட் மெனு எல்லாம் புரொப்பல்லர் இல்லாமலேயே பார்க்கலாம். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றி மாட்டினால் போதும். கடைசியில் புரொப்பல்லர் மாட்டும்போது எண்கள் அச்சடித்த பக்கம் விமானம் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் பார்த்து மாட்டினாலும் காற்று வரும், இழுவை மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆன் செய்யும்போது முதலில் ரிமோட், பிறகு விமானத்தின் பேட்டரி. முடிக்கும்போது முதலில் விமானத்தின் பேட்டரி, பிறகு ரிமோட். இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஃபெயில்சேஃப் சோதனையை மாணவர்களைக் கொண்டே செய்யுங்கள். புரொப்பல்லர் இல்லாமல் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓட்டும். சிக்னல் அறுந்த விமானம் பாதி வேகத்தில் ஊரைத் தாண்டிப் போவது வேடிக்கையான விஷயமில்லை. ரிசீவரின் இரண்டு ஆன்டெனாவையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் கம்பியிலிருந்து தள்ளி ஒட்டச் சொல்லுங்கள்.

லிப்போ பேட்டரி உப்பிவிட்டது. ஸ்கூட்டர் டிக்கியில்தான் வைத்திருந்தேன். இன்னும் ஒரு நாள் ஓட்டலாமா?
— வாசகர், தாம்பரம்

ஓட்டாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சித்திரை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கி அடுப்பு மாதிரி. முழு சார்ஜில் அங்கே கிடந்தது என்றால் உப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒயரைத் தொடவிடாமல் டேப் சுற்றி மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கியதும் செய்ய வேண்டியவை: ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் முழு சார்ஜ். மூன்று செல்லுக்கு 12.6. இறங்கியதும் ஒரு செல் 3.7 பக்கம் நிற்கும்படி பறப்பை முடியுங்கள். ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று தனியே இருக்கும். 2200 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் சார்ஜ். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஆளும் பக்கத்தில்.

ரிமோட் விமானம் கடல் தாண்டியிருக்கிறதாமே, உண்மையா?
— எட்டாம் வகுப்பு மாணவன், தூத்துக்குடி

உண்மை, தம்பி. 2003 ஆகஸ்டில் அமெரிக்கரான மேனார்டு ஹில் குழுவின் மாடல் விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, சுமார் 39 மணி நேரம் பறந்து, அயர்லாந்தில் இறங்கியது. எடை 5 கிலோவுக்குச் சற்றே கீழ். ரிமோட்டால் ஓட்டியது ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும், நடுக்கடலில் ஜி.பி.எஸ். பார்த்துத் தானியங்கி ஓட்டிக்கொண்டது. விமானத்தின் பெயர் டாம்-5. அதற்கு முன் அனுப்பியவை கரை சேரவில்லை. நீ இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தை விட்டுப் போகாதே.

எல்லாம் தயார். எங்கே, எப்போது முதல் முறை பறக்கவிடலாம்? பல்லடம் பக்கம் ஒரு காலி நிலம் இருக்கிறது.
— வாசகர், கோவை

முதலில் சட்டம். 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானத்துக்கும் பொருந்தும். இரண்டு கிலோவுக்கு உட்பட்டதை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் நிலம் பச்சைப் பகுதியில் வருகிறதா என்று பாருங்கள். பதிவு நடைமுறையையும் தெரிந்துகொள்ளுங்கள். பச்சைப் பகுதியில் உச்சம் 120 மீட்டர். உங்களுக்குப் பீளமேடு விமான நிலையம் ஒரு பக்கம், சூலூர் விமானப்படைத் தளம் இன்னொரு பக்கம். பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

அடுத்தது காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடத்தில் அடிக்கிற அடிக்கு அங்கே காற்றாலைகளைச் சும்மா நடவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது உங்கள் ஃபோம் எம்மாத்திரம்? தை, மாசி மாதத்து விடிகாலை, ஆறரையிலிருந்து எட்டரைக்குள் பாருங்கள். சூரியன் கண்ணில் படாத பக்கமாக நில்லுங்கள்.

நிலத்தில் முதல் வேலை ரேஞ்ச் சோதனை. ரிமோட்டின் சக்தியைக் குறைக்கும் ரேஞ்ச் மோடு இருந்தால் போட்டுவிட்டு 30 அடி வைத்து நடந்து செல்லுங்கள். அங்கிருந்தும் சர்வோக்கள் தயங்காமல் அசைய வேண்டும். பிறகு முக்கால் த்ராட்டிலில் எறிந்து, மூன்று தென்னை உயரம் ஏறும் வரை திருப்பாதீர்கள். ஏறியதும் பாதி த்ராட்டிலுக்குக் குறைத்து, ஸ்டிக்கை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்க டிரிமை ஒவ்வொரு கிளிக்காக. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிக் குழப்பும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

ரிமோட்டில் ஐந்து நிமிட டைமர் வைத்து, அடித்ததும் இறக்குங்கள். இறங்கியதும் கிளெவிஸைத் திருகி டிரிமை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் புரொப்பல்லர் பெரிது. ஒரு இன்ச் சிறியதை மாட்டிவிட்டு அடுத்த பேட்டரியைப் போடுங்கள்.