இடிமுகிலும் வயல் வேலையும்

இலங்கையில் இடியுடன் கூடிய மழை மிகுதியாகப் பெய்வது இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலுமாகும். சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் வயலைப் பண்படுத்தும் வேலையும் பெரும்பாலும் இக்காலங்களிலேயே வருகின்றது. ஆதலின், மின்னல் மிகுந்த வேளையிலேயே கமக்காரர் வெளியில் நிற்க நேரிடுகின்றது.

காலையில் வெயில் கடுமையாக எறிக்குமாயின், நிலமும் அதனை அடுத்துள்ள காற்றும் சூடேறுகின்றன. பருவக்காற்று ஓய்ந்திருப்பதனால் கடற்காற்று கரைகளிலிருந்து உள்நாட்டுக்கு ஈரலிப்பைக் கொண்டுவருகின்றது. இவ்வீரக்காற்று மேலெழுந்து குளிர, அதிலுள்ள நீராவி ஒடுங்கி முகிலாகின்றது. ஒடுங்கும்போது வெப்பம் வெளிப்படுமாதலால் முகில் மேலும் உயர்ந்து, பிற்பகலில் 15 கிலோமீற்றர் வரையும் எட்டக்கூடும். ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேல் நீர் உறையும் குளிர் உண்டு. அங்கே பனிக்கட்டித் துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதுவதனால் மின்னேற்றம் பிரிந்து திரள்கின்றது. அது நிலத்துக்குப் பாய்வதே மின்னல் விழுதலாகும்.

மழைக்கு முன் வீசும் குளிர்காற்றைக் கண்டு மகிழ்வோர் பலர். மழைத்துளிகள் ஆவியாவதனாற் குளிர்ந்த காற்று முகிலிலிருந்து இறங்கி நிலத்திற் பரவுவதே அது. வாழையை முறிப்பதும், புடோற் பந்தலைச் சாய்ப்பதும், முற்றிய நெல்லைப் படுக்கவைப்பதும் அக்காற்றே. வயலை விட்டு நீங்குவதற்கு அதனை எதிர்பார்த்திருத்தல் தவறு. மழை பெய்யும் இடத்துக்கு 10 கிலோமீற்றர் அப்பாலும் மின்னல் விழுவதுண்டு. முதல் இடி காதில் விழுந்தவுடன், கட்டிய வரம்பு பாதியில் நின்றாலும், மண்வெட்டியை வைத்துவிட்டுப் புறப்படுதல் வேண்டும்.

வயல்வெளியில் நிமிர்ந்து நிற்பவரே அங்கு உயர்ந்த பொருள். தனித்து நிற்கும் மரத்தின் கீழ் ஒதுங்குதலோ அதனிலும் கேடானது. மரத்தில் விழும் மின்னல் அருகில் நிற்பவர்மீது தாவும், நிலத்தின் வழியாகவும் பரவும். காவற்கொட்டிலும் மேல்மூடியற்ற உழவு இயந்திரமும் காப்பளிக்கமாட்டா. சுவருள்ள வீட்டையோ, உலோகக் கூரையுடைய மூடிய வாகனத்தையோ நாடுக. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வயலுக்குத் திரும்பலாகாது. மாடுகளை மரத்தடியிலோ கம்பி வேலியிலோ கட்டவேண்டாம். அவற்றின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைத்தூரம் அதிகமாதலால் நிலத்திற் பரவும் மின்சாரம் அவற்றை எளிதிற் கொல்லும்.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிராது; அஞ்சாது தொடலாம். மூச்சு நின்றிருப்பின் உடனே நெஞ்சின் நடுவே விரைவாக அழுத்தத் தொடங்கி, மற்றொருவரைக் கொண்டு 1990 என்னும் அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

இன்னுமொன்று: இம்மாதங்களில் யூரியாப் பசளையைப் பிற்பகலில் இடுவது வீண் செலவு. மாலை மழை அதனை வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடும்.