வீடு கட்டக் கொட்டேஷன் வாங்குகிறீர்களா?

சொந்த மனையில் வீடு கட்டப்போகிறவர்கள் கான்ட்ராக்டரிடம் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான். எதையெல்லாம் சேர்த்து அந்த விலை என்று கேட்பவர்கள் குறைவு. பாதி வீடு எழும்பிய பிறகு வரும் சண்டையெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

1. மூன்று பேரிடமாவது கொட்டேஷன் கேளுங்கள். மூவருக்கும் ஒரே பிளான், ஒரே பொருள் பட்டியலைக் கொடுங்கள். ஒருவர் செங்கல்லுக்கும் இன்னொருவர் ஹாலோ பிளாக்குக்கும் விலை சொன்னால் எதை எதோடு ஒப்பிடுவது?

2. சதுர அடி என்றால் எந்தச் சதுர அடி? வீட்டுக்குள் புழங்கும் இடம் கார்பெட் ஏரியா. வெளிச்சுவரின் கனத்தையும் சேர்த்தால் பில்ட்-அப் ஏரியா. பல கான்ட்ராக்டர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, மேலே போடும் ரூஃப் கான்கிரீட்டின் அளவைக் கணக்கில் எடுப்பார்கள். அப்போது போர்டிகோ, பால்கனி, மாடிப்படி ஹெட்ரூம் எல்லாம் உள்ளே வந்துவிடும். இவற்றை முழுதாகக் கணக்கிடுபவரும் உண்டு, பாதியாகக் கணக்கிடுபவரும் உண்டு. ரேட் 2,400 ரூபாய் என்று வையுங்கள். 120 சதுர அடி போர்டிகோவை முழுதாகச் சேர்த்தால் 2,88,000 ரூபாய். பாதி என்றால் 1,44,000. ரேட்டில் ஐம்பது ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவதைவிட இந்த ஒரு வரியை எழுதி வாங்குவது லாபம்.

3. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், போர், மொட்டை மாடித் தட்டோடு, பரண், கப்போர்டு ஆகியவை ரேட்டில் அடங்குமா, தனியா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்து வாங்குங்கள். "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்ற வாய்ச்சொல் கணக்கில் சேராது.

4. அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை ரேட்டில் சேரும் என்று கேளுங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் தோண்டத் தோண்ட எக்ஸ்ட்ரா ஏறும். அதனால் மண் பரிசோதனையை முடித்துவிட்டுக் கொட்டேஷன் கேட்பது நல்லது. பேஸ்மட்டம் "3 அடி" என்று மட்டும் எழுதினால் போதாது. மனையின் தரையிலிருந்தா, ரோட்டு மட்டத்திலிருந்தா? மனை ரோட்டைவிடப் பள்ளமாக இருந்தால் இந்த வித்தியாசம் பல லோடு கிராவல் மண். அந்த மண்ணுக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

5. லேபர் கான்ட்ராக்டில் பொருள் உங்களுடையது, கூலி அவருடையது. இடையில் நிற்பவைதான் தகராறு: சென்ட்ரிங் ஷீட், முட்டு, சாரம், மிக்ஸர், வைப்ரேட்டர், தண்ணீர், தற்காலிக மின் இணைப்பு, லாரியில் வரும் சிமென்ட்டை இறக்கும் கூலி. ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டும் வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருளோடு சேர்த்த ஒப்பந்தம் என்றால் 18 சதவீதம். எனவே "ரேட் வரி உட்பட" என்றோ "வரி தனி" என்றோ எழுத்தில் இருக்க வேண்டும்.

6. "தரமான கம்பி, நல்ல சிமென்ட்" என்பதற்கு அர்த்தமே இல்லை. கம்பி எஃப்இ 500டி, கான்கிரீட் எம் 20 என்று தரத்தை எழுதுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம் 20-க்குக் குறையக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. பிராண்டு பெயருக்குப் பின்னால் "அல்லது அதற்கு இணையானது" என்று இருந்தால், "உரிமையாளர் சம்மதத்துடன்" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கம்பி எடைக்குச் சின்னக் கணக்கு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறக்குறைய பத்தே முக்கால் கிலோ. எடை சிறிது முன்பின் இருக்கலாம்.

7. "டைல்ஸ் சதுர அடி 50 ரூபாய் வரை" என்பது ஒரு வரம்பு. கடையில் 80 ரூபாய் டைல்ஸ் பிடித்துப்போனால் மீதி உங்கள் தலையில். வண்டி வாடகை, வெட்டுச் சேதாரம் ஆகியவை அந்த ஐம்பதுக்குள் வருமா? குழாய், ஸ்விட்ச், கதவு, பெயின்ட் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

8. பணம் கொடுக்கும் கட்டங்களை ரேட்டைவிடக் கவனமாகப் பாருங்கள். அட்வான்ஸ், பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு, ஃபினிஷிங் என்று பிரிப்பது வழக்கம். ரேட்டைக் குறைத்துச் சொல்லி, ரூஃப் முடிவதற்குள் முக்கால்வாசிப் பணத்தைக் கேட்பவரிடம் ஜாக்கிரதை. பூச்சு வேலை வரும்போது அவருக்கு உங்கள் வீட்டில் அக்கறை இருக்கக் காரணமே மிஞ்சாது. அட்வான்ஸ் தவிர எந்தக் கட்டமானாலும் வேலை முடிந்த பிறகு பணம் என்பதே முறை. வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால், வங்கி பணம் விடும் கட்டங்களும் இவையும் ஒத்துப்போக வேண்டும்.

9. சிமென்ட், கம்பி விலை ஏறினால் யார் தாங்குவது, எத்தனை மாதத்தில் சாவி கைக்கு வரும், தாமதமானால் என்ன பிடித்தம்? மூன்று வரி போதும்.

10. அரசு வேலைகளில் பில்லில் ஒரு பகுதியை நிறுத்திவைத்துப் பிறகு தருவார்கள். நீங்களும் 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்திவைக்கலாம். ஒழுகல், விரிசல் எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். ஃபிளாட் வாங்குபவர்களுக்கு 2016-ம் ஆண்டின் ரெரா சட்டம் கட்டுமானக் குறைகளுக்கு 5 ஆண்டுப் பொறுப்பைத் தருகிறது. அது விற்பதற்காகக் கட்டும் புரமோட்டருக்கானது. சொந்த மனையில் கட்டும் நீங்கள் அந்த உத்தரவாதத்தை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

11. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் ஆள் யாருடையவர் என்பதை யாரும் எழுதுவதில்லை. பிபிசி (போர்ட்லேண்ட் பொஸலானா) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது. ஆள் சம்பளத்தையும் தண்ணீர்ச் செலவையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

12. எக்ஸ்ட்ரா வேலைக்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள். ஜன்னலை இடம் மாற்றினாலும் சரி, ஒரு ஷெல்ஃப் கூட்டினாலும் சரி, தேதி, அளவு, தொகை எழுதி, வேலை தொடங்கும் முன்பே இருவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாத எக்ஸ்ட்ராவுக்குப் பணம் இல்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.