ஆயிஷாவில் மாறுவது யார்?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கதையைக் கொடுத்து அதில் வரும் ஆளைப் பற்றி எழுதச் சொன்னால், கை தானாகவே 'பாத்திரப் படைப்பை விளக்குக' விடைக்குப் போய்விடும். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் கூடிப் படிக்கிறோம். இரா. நடராசனின் 'ஆயிஷா'வை எடுத்த அன்றும் அதே கதைதான். அறிவாளி, அமைதியானவள், தாய் தகப்பன் இல்லாதவள். பரீட்சையில் மார்க் விழும். ஆயிஷாதான் அதில் இருக்க மாட்டாள்.

அதனால் குணத்தையே தொடாதீர்கள் என்றேன். தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் அவள் கேட்கும் கேள்விகள், வலப்பக்கம் அவளுக்குக் கிடைத்த பதில்கள். காந்தத்தை வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்கிற மாதிரி இடப்பக்கம் நிரம்பியது. பட்டாபிராமிலிருந்து வரும் பெண், வலப்பக்கத்தில் 'திட்டு, அடி, அடி' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். விமர்சனக் கட்டுரைகள் பல பக்கம் எடுத்துக்கொள்ளும் விஷயம் அது.

அடுத்து, கதையைச் சொல்வது யார்? பலரும் தாண்டிப் போகிற இடம் இது. 1996இல் கணையாழியில் வந்த இந்தக் குறுநாவல், ஓர் ஆசிரியை தன் அறிவியல் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையாகவே நடக்கிறது. தலைப்பு ஆயிஷாவுடையது. ஆனால் அவள் முதலிலிருந்தே கேள்வி கேட்பவள், மாறுவது டீச்சர். யார் மாறுகிறார், எதனால் என்று கேட்டால் கருப்பொருள் தானாக வந்து நிற்கும்.

அதை 'கல்வி' என்று ஒரே சொல்லில் முடிக்க விடாதீர்கள். யாராவது மறுத்துப் பேசக்கூடிய முழு வாக்கியமாக இருக்கட்டும். "கேள்விக்கு அடி விழுகிற வகுப்பில் டீச்சரும் படிப்பதை நிறுத்திவிடுகிறார்" என்று ஒருவன் எழுதினான். ஆசிரியை ஒருவரின் மகனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "அறுபது பேர் இருக்கிற கிளாஸ்ல எங்கம்மா என்ன சார் பண்ணுவாங்க?" என்றான். நியாயமான கேள்வி. கதைக்குள்ளிருந்தே ஆதாரம் காட்டச் சொன்னேன். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்ட ஆரம்பித்துவிட்டான்.

ஒரு எச்சரிக்கை: கதை மரணத்தில் முடிகிறது. அதை முன்பே சொல்லிவிடுங்கள். படித்த கையோடு வீட்டுக்கு அனுப்பாமல் கொஞ்ச நேரம் பேச விடுங்கள்.

இதே தாளை வைத்துக்கொண்டு யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' படிக்கலாம், 2020இல் பால சாகித்திய விருது பெற்ற நாவல். தலைப்புகளை மட்டும் மாற்ற வேண்டும்: பெரியவர்களிடம் சொல்ல முடிந்தது, பொம்மையிடம் மட்டும் சொன்னது.