மரப்பட்டறையில் தூசிக்குழாயும் ஒயரும்

வயல் வேலை ஓய்ந்த நாட்களில் வீட்டோரக் கொட்டகையில் மரவேலை செய்பவரா நீங்கள்? தென்காசி, குற்றாலம் பகுதியில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் காலம். கொட்டகைத் தரையில் ஈரம் காயாது. மின்சார ரம்பத்தின் ஒயரும், தூளை உறிஞ்சும் குழாயும் அந்தத் தரையில் பின்னிக் கிடந்தால் கால் தட்டி விழலாம்; கட்டையின் கீழ் நசுங்கிய ஒயரின் உறை கிழிந்து மின்சாரம் தாக்கலாம்.

இரண்டையும் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். ஒயரைக் குழாயோடு சேர்த்து முழத்துக்கு ஒரு கட்டாக, பழைய சைக்கிள் டியூப் வாரினால் தளர்வாகக் கட்டி, கூரை விட்டத்துக் கொக்கியில் தொங்கவிடுங்கள். குழாயைவிட ஒயர் சற்று நீளமாக இருக்கட்டும். அப்போதுதான் இழுக்கும்போது விசை குழாயில் விழும், ஒயரின் இணைப்பில் விழாது.

நீள ஒயரைச் சுருளாக வைத்தபடியே எந்திரத்தை ஓட்டக்கூடாது. சுருளுக்குள் சூடு தேங்கி உறை உருகிவிடும். பக்கத்தில் மரத்தூளும் இருந்தால் சொல்லவே வேண்டாம். எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குழாய் மடிந்தால் இழுவை குறையும், ஈரத்தூள் அங்கேயே அடைத்துக்கொள்ளும். மாலையில் கழற்றித் தட்டுங்கள். மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியுள்ளது.

பையில் சேர்ந்த தூளை அப்படியே வயலில் கொட்டினால் மண்ணின் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். சாணத்துடன் எருக்குழியில் மட்க விடுங்கள். பிளைவுட் தூள் மட்டும் எருவுக்கு ஆகாது.