ஓடுவதற்கு முன் பத்து நிமிடம்



விடியற்காலை ஐந்து மணிக்கே பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஓடிப் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். போலீஸ் வேலைக்கு, பட்டாளத்துக்கு என்று எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் தயாராகிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியிலும் ஓடி முடிக்க வேண்டும். இதற்காக ஒரு வருஷம் உழைத்த பையன், தேர்வு நாளன்று விசில் ஊதியதும் பாய்ந்து ஓடி, முதல் சுற்றிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? கிழிந்த தசை சில வாரங்களில் ஆறிவிடும். கைநழுவிய வேலைக்கு அடுத்த அறிவிப்பு வரும்வரை வீடே காத்திருக்க வேண்டும்.

இப்படி வரும் காயங்களில் பலவற்றைத் தவிர்க்கலாம். அதற்குக் காசு செலவில்லை. ஓடுவதற்கு முன் பத்து, பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டு ஆசிரியர் "வார்ம் அப் பண்ணுப்பா" என்று சொல்வது இதைத்தான்.

ஏன் சூடாக்க வேண்டும்?

"ஓடினா உடம்பு தானா சூடாகுது. அதுக்கு முன்னாடி எதுக்கு இன்னொரு வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பறையாட்டக் கலைஞர்களைக் கவனித்திருக்கிறீர்களா? எடுத்த எடுப்பில் அடிக்க மாட்டார்கள். தீ மூட்டி, பறையைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, பதம் வந்த பிறகே அடிக்கத் தொடங்குவார்கள். நம் உடம்புக்கும் அப்படி ஒரு பதம் வேண்டும்.

நாம் சும்மா இருக்கும்போது, இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. வேகமாக ஓடும்போது ஐந்தில் நாலு பங்கு தசைகளுக்கே வேண்டியிருக்கிறது. வயிறு, சிறுநீரகம் முதலிய இடங்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, கால் தசைகளுக்குத் திருப்பிவிட உடம்புக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மடையைத் திறந்தவுடனே கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் போய்விடுமா?

ரத்தம் பாய்ந்து தசை சூடானால் அது இளகும். விரைவாகச் சுருங்கி விரியும். நரம்பின் கட்டளையும் சீக்கிரம் போய்ச் சேரும். மூட்டுகளுக்குள் இருக்கும் வழவழப்பான நீரும் இளகி, மூட்டு சுலபமாக அசையும்.

இதயமும் ஒரு தசைதான். 1973-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோய்க்குறி எதுவும் இல்லாத ஆண்களைத் திடீரென்று வேகமாக ஓடச் செய்து பார்த்தார்கள். அவர்களில் பலருடைய இ.சி.ஜி.யில் மாறுதல் தெரிந்தது. முதலில் லேசாக ஓடவிட்டு, பிறகு வேகமாக ஓடச் செய்தபோது அந்த மாறுதல் வெகுவாகக் குறைந்தது.

2008-இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வு ஒன்று, கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயது வரையிலான பெண் பிள்ளைகளைப் பற்றியது. மெதுவோட்டமும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சேர்ந்த இருபது நிமிட முன்பயிற்சியைச் செய்த அணிகளில், கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

எப்படிச் செய்வது?

1. முதல் 5 நிமிடம்: இரண்டு நிமிடம் விறுவிறுப்பாக நடங்கள். பிறகு மூன்று நிமிடம் மெதுவாக ஓடுங்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். லேசாக வியர்வை அரும்பினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

2. அடுத்த 5 நிமிடம்: கணுக்காலைச் சுழற்றுங்கள். முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நடங்கள். குதிகால் பின்புறத்தைத் தொடுமாறு மடக்கி ஓடுங்கள். சுவரையோ மரத்தையோ பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் ஊஞ்சல் போல வீசுங்கள். நீண்ட எட்டு வைத்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்து எழுங்கள். தோள்களையும் சுழற்றுங்கள். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை செய்தால் போதும். வலிக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

3. கடைசியாக: ஐம்பது, அறுபது மீட்டர் தூரத்தை மூன்று தடவை ஓடுங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுங்கள். இடையில் நடந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

இது முடிந்த சில நிமிடங்களுக்குள் ஓட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும். உட்கார்ந்து கதை பேசினால் வந்த சூடு ஆறிப்போகும்.

செய்யக் கூடாதவை

எழுந்து வந்தவுடன் குனிந்து கால்விரலைப் பிடித்தபடி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அசையாமல் நிற்பது பலருக்குப் பழக்கம். குளிர்ந்த தசையை அப்படி நெடுநேரம் இழுத்தால், அதன் வேகமும் வலுவும் சற்றுக் குறையும். அந்தப் பயிற்சியை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பயிற்சியிலேயே சக்தியெல்லாம் தீர்ந்து போகும்படி ஓட வேண்டாம். வெயில் ஏறிய பிறகு ஓட நேர்ந்தால் முன்பயிற்சியைச் சுருக்கிக்கொண்டு, நிழலில் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள். வலி தெரியாமல் இருக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது ஆபத்து.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

சான்றிதழ் சரிபார்ப்பு, உயரம், மார்பளவு என்று வரிசையில் நிற்க நேரமாகும். காலையில் வந்தவுடன் செய்த முன்பயிற்சி அதற்குள் ஆறிவிடும். உங்கள் குழுவைக் கூப்பிடும் நேரம் நெருங்கும்போது, நின்ற இடத்திலேயே முழங்கால் தூக்கி, கணுக்கால் சுழற்றி மறுபடி சூடேற்றிக்கொள்ளுங்கள். புது ஷூவை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் போட வேண்டாம்.

பெண் பிள்ளைகளே, "எல்லாரும் பார்க்கிறாங்களே" என்று கூச்சப்பட்டு முன்பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 400 மீட்டர் வேக ஓட்டம்; அதற்கு உடம்பு தயாராக இருப்பது இன்னும் முக்கியம். மாதவிலக்கு நாளாக இருந்தாலும், உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக ஓடலாம்.

தாய்மார்களே, பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஒரு வாழைப்பழம் கொடுங்கள். "சீக்கிரம் ஓடிட்டு வா" என்று அவசரப்படுத்தாமல், பத்து நிமிடம் முன்னதாக எழுப்பிவிடுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதய நோய் இருப்பவர்களும், புகை பிடிப்பவர்களும், பல வருஷமாக ஓடாதவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொண்ட பிறகே ஓடத் தொடங்குங்கள். முதல் சில வாரங்கள் நடந்தாலே போதும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, மயக்கம், என்றுமில்லாத மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நின்று உட்காருங்கள். "வாயுப் பிடிப்பா இருக்கும்" என்று நீங்களே முடிவு செய்யாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தசை பிடித்துக்கொண்டால்

"சுரீர்" என்று வலித்தால் அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள். துணிப்பட்டையால் அளவாகக் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு, மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவுவதும், சூடு ஒத்தடமும் வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவு அதிகமாகும். காலை ஊன்ற முடியாவிட்டாலோ, வீக்கம் பெருகினாலோ அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஓட்டம் முடிந்ததும் பட்டென்று உட்காராமல், ஐந்து நிமிடம் நடந்து உடம்பை ஆறவிடுங்கள்.

முன்பயிற்சியை ஓட்டத்தின் முதல் பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். இதைப் படித்த பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் படிக்கக் கொடுங்கள்.

பத்து நிமிடம் பதமாக்கு!
பாதுகாப்பாய் ஓடிப் பழகு!